நான்காவது ஷரத்தும் பதினோராவது கேள்வியும்

பதினோராவது கேள்விக்குப் பதினைந்து மதிப்பெண். அரசமைப்புச் சட்டத்துக்குப் பொருள் காண்பதில் பல நாட்டு நீதிமன்றங்கள் கையாளும் முறைகளை ஒப்பிட்டு விளக்குக. கேட்ட மகானுபாவர் இரண்டு வரியில் கேட்டுவிட்டு வீட்டில் மல்லாந்து படுத்திருப்பார். விளக்கப் புகுந்த பிள்ளைகள் ஆளுக்குப் பத்துப் பக்கம் விளக்கித் தள்ளியிருக்கிறார்கள், அதில் பாதி அமெரிக்கா எவ்வளவு பெரிய நாடு என்பதைப் பற்றி. அத்தனையையும் மே மாத வெயிலில், திருச்சியில், விடைத்தாள் திருத்தும் முகாமின் மாடிக் கூடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியவள் வெற்றிச்செல்வி, இருபத்தேழு வருடமாக இதே பாடத்தை நடத்துகிற பேராசிரியை, இன்றைக்கு மட்டும் எந்த நாட்டு நீதிமன்றமும் மண்டையில் ஏறாமல் சிவப்புப் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பவள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. காலையில் வீட்டில் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். ஆணிக்குக் கீழே ஒரு முழத்துக்குச் சுவர் வெளுப்பாக, இந்த வீட்டுக்கு வந்த பதினாறு வருடமாகத் தூசியும் ஒட்டடையும் படாத சதுரமாக இருந்தது. அங்கே தொங்க வேண்டியது கண்ணாடி பிரேம் போட்ட ஒரு காகிதம். அவளுக்கும் நாவரசுக்கும் தொண்ணூற்றைந்தில் லால்குடியில் ஐயரும் ஓமப்புகையும் இல்லாமல் நடந்த சுயமரியாதைக் கல்யாணத்தில், இருவரும் மேடையில் படித்துக் கையெழுத்துப் போட்ட வாழ்க்கை ஒப்பந்தம். அதைக் காணவில்லை. நாவரசையும் காணவில்லை. அவள் குளித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான், இத்தனைக்கும் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை, வக்கீலுக்கு விடிந்ததும் விடியாததுமாக எங்கே வேலை? போன் அடித்தாள், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. முகாம் வாசலில் அவள் போனை வாங்கி, எண் எழுதிய துணிப்பையில் போட்டு, அலமாரியில் பூட்டிவிட்டார்கள். நாலரைக்குத்தான் திரும்பக் கிடைக்கும். ஐந்து மணிக்குள் அவள் ஜோகன்னஸ்பர்க்குக்குப் பதில் அனுப்பியாக வேண்டும், வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ. இப்போது மணி இரண்டு பத்து.

பத்து மாதம். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து, ஒரு நாட்டு நீதிபதி இன்னொரு நாட்டுத் தீர்ப்பை எப்படிப் படிக்கிறார் என்று ஆராய வேண்டும், அவ்வளவுதான் வேலை, அவளுக்கு அது வேலையே இல்லை, விருந்து. அந்த நாட்டு அரசமைப்பு நீதிமன்றத்தைப் பழைய சிறை வளாகத்தில், இடித்த சிறையின் செங்கல்லையே எடுத்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று வருடா வருடம் வகுப்பில் சொல்வாள், சொல்லும்போது குரல் தானாக இறங்கும், பின் வரிசைக்காரன்கூட நிமிர்ந்து பார்ப்பான். அந்தச் செங்கல்லை ஒரு தடவை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஜனவரியில் விண்ணப்பம் போட்டாள், நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று நாவரசிடம் சொல்லாமலே போட்டாள், ஒப்பந்தத்தின் மூன்றாவது ஷரத்து ஒருவரிடம் ஒருவர் மறைப்பதில்லை, அது அன்றைக்கே கோவிந்தா. கிடைத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். அவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நல்ல விஷயம்தானே செல்வி, நீயே முடிவு பண்ணு" என்றான். பிறகு கத்திரிக்காய் வாங்கக் கிளம்பி வெண்டைக்காயோடு திரும்பி வந்தான். அந்த வெண்டைக்காயை அவள் நறுக்கிப் பொரியல் வைத்தாள். நாலு நாளாக வீட்டில் மரியாதை ஓடுகிறது. சாப்பிட்டியா, மாத்திரை போட்டுட்டேன், பால் வந்துருச்சு. சண்டை போட்டுத் தொலைத்தால் என்ன இந்த மனுஷன். ஆறாவது ஷரத்து, கோபம் ஒரு பொழுதைத் தாண்டக்கூடாது. கோபமே படாதவனை எந்த ஷரத்தில் பிடிப்பது?

நான்காவதுதான் சிக்கல். பிழைப்பை முன்னிட்டு ஒருவரை விட்டு ஒருவர் தனியே வாழ மாட்டோம். அது நாவரசின் ஷரத்து. அவன் அப்பா சிங்கப்பூரில் பதினெட்டு வருடம் இருந்தார், மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மாதம் வருவார், பெட்டியைத் திறந்தால் வீடு முழுக்கக் கோடாலித் தைல வாசனை. அவனுக்கு ஐந்து வயதில் அப்படி ஒரு மத்தியானம் வந்தபோது அவன் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டான், வெளியே இழுத்து வந்து யார் தெரியுதா என்று கேட்டதற்கு மாமா என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. இதைச் சட்டக் கல்லூரிக்கு எதிர் டீக்கடையில், கையில் பன்னோடு, ஒரு வேடிக்கைச் சமாச்சாரம் போல அவளிடம் சொன்னான், சொல்லி முடித்ததும் பன்னை அப்படியே தட்டில் வைத்துவிட்டான். இவனைத்தான் கட்டிக்கொள்வது என்று அவள் முடிவு செய்தது அந்தப் பன்னைப் பார்த்துத்தான், இது அவனுக்கே தெரியாது. அதனால்தான் நான்காவது ஷரத்து. அதை இத்தனை வருடத்தில் ஒரு நாள் மீறியதில்லை. பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த மூன்று மாதமும் கோர்ட் முடிந்ததும் நேரே பஸ் ஏறி வருவான், விடியற்காலை முதல் பஸ்ஸில் திரும்புவான், கண்டக்டரே ஒரு நாள், ஏன் சார், பேசாம இங்கயே ஒரு ஆபீஸ் போட்டுருங்களேன் என்றாராம். அப்படிப்பட்ட ஆளின் வீட்டில் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

கையிலிருக்கும் தாளில் இந்தப் பிள்ளை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. எழுதின நாளில் அந்தச் சொல்லுக்கு ஜனங்கள் என்ன அர்த்தம் கொண்டார்களோ அதுதான் இன்றைக்கும் அர்த்தம், நீதிபதி தன் ஆசையை அதில் கலக்கக்கூடாது என்று கருதும் நீதிபதிகள் அங்கே வலுவாக உள்ளனர். சரி, அரை மதிப்பெண், அரை என்ன, இரண்டு போடலாம். எழுதினவர்கள் செத்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று, பழைய கடிதங்களையும் அகராதிகளையும் புரட்டிப் புரட்டி அவர்கள் மனசைத் தேடுகிறார்கள் பாவம். அவளுக்கு அந்தச் சிரமம் இல்லை, எழுதினவன் உயிரோடு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருக்கிறான். எழுதினவன் என்று சொல்லக்கூடாது, சொன்னவன். கையெழுத்து அவளுடையது, அவளுக்குத்தான் கையெழுத்து முத்து முத்தாக வரும். கல்யாணத்தன்று காலை ஏழு மணி, கூட்டம் இன்னும் வரவில்லை, மண்டபத்தில் புதுச் சுண்ணாம்பு வாசனை, மேடையில் மேசையைப் போட்டு அவன் சொல்லச் சொல்ல அவள் நல்ல தாளில் எழுதினாள், அப்படித்தான் ஞாபகம், அப்படித்தான் மகளுக்கும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்கள், நாலாவது அப்பா வச்ச ஷரத்து கண்ணு என்று. ஆனால் அந்த ஞாபகத்தில் எங்கிருந்தோ ஒரு சத்தம் வருகிறது, கீ என்று காதைக் குத்துகிற சத்தம், அந்தச் சத்தத்தில் நாவரசு திடுக்கிட்டுத் திரும்புகிறான், அவள் பேனாவை விடாமல் பிடித்திருக்கிறாள், விரல் வலிக்கிறது. எதற்குச் சத்தம், எதற்குத் திடுக்கிட்டான், பேனாவை யார் பிடுங்கப் பார்த்தார்கள், தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் வந்து ஞாபகம் நின்றுபோகிறது. போகட்டும். எழுதினவர் மனசுதான் சட்டம் என்றால் தீர்ப்பு எழுதிவிடலாம்: கதவுக்குப் பின்னால் நிற்கிற ஐந்து வயதுப் பையன் சார்பாக, மனு தள்ளுபடி. அவள் போகக்கூடாது. பக்கத்தைத் திருப்பினாள்.

அடுத்த தாளில் கனடா, ஓரத்தில் பென்சிலால் ஒரு மரம் வேறு போட்டு, இலைக்கெல்லாம் பொறுமையாகக் கோடு இழுத்திருக்கிறது, மூன்று மணி நேரப் பரீட்சையில் இதற்கு நேரம் கிடைத்திருக்கிறது பார். அரசமைப்பு உயிருள்ள மரம், தன் எல்லைக்குள் வளர வல்லது. ஐந்து பெண்கள் போட்ட வழக்கு, மேல்சபைக்கு நியமிக்கத் தகுந்த நபர்களில் பெண்ணும் சேர்த்தியா என்று. எழுதினவர்கள் மனசில் பெண் இருந்திருக்க வழியில்லை, இருந்தாலும் சேர்த்திதான் என்று, அப்போது கனடாவுக்கும் கடைசி மேல்முறையீடு லண்டனில்தான், அங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். இந்த மரம் வீட்டிலும் வளர்ந்திருக்கிறது. இரண்டாவது ஷரத்து, சமையல் இருவருக்கும் பொது. முதல் வருடம் நாவரசு வரிக்கு வரி வாதாடினான், சமையல்னுதான் போட்டிருக்கு, பாத்திரம் கழுவுறதுன்னு எங்க இருக்கு காட்டு என்று. அவள் ஒரு வாரம் பாத்திரத்தை அப்படியே போட்டு வைத்தாள். எட்டாம் நாள் அவனே கையைக் கழுவிவிட்டு வந்து, ஷரத்தின் நோக்கத்தையும் பார்க்கணும் இல்லையா என்றான். ஏழாவது, நகை வாங்குவதில்லை. மகள் காது குத்துக்கு வெற்றிச்செல்வியின் அம்மா ஒரு ஜோடி தோடு கொண்டுவந்தபோது மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து விசாரணை நடத்தினார்கள், வாங்குவதில்லை என்றுதானே இருக்கிறது, கொடுத்தால் மறுப்பதாக இல்லையே என்று அம்மாவே பாயிண்ட் எடுத்துக் கொடுத்தாள், எட்டாவது வரை படித்தவள். அப்படி எல்லாம் நெளிந்து கொடுத்த காகிதம் நான்காவதுக்கு மட்டும் ஏன் நெளியக்கூடாது? பிழைப்பை முன்னிட்டு என்று இருக்கிறது. இது பிழைப்பா? செங்கல்லைத் தொடுவது பிழைப்பா? இது ஆசை. ஆசைக்குத் தடை இல்லை. வாதம் நன்றாகத்தான் இருந்தது, வகுப்பில் சொன்னால் கை தட்டுவார்கள். நாவரசிடம் சொன்னால் அவனும் தலையாட்டுவான், மறுபடி வெண்டைக்காயோடு வருவான். அதை நினைத்ததுமே அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. மரத்துக்கு ஆறரை போட்டாள், படத்துக்கு மதிப்பெண் கிடையாது.

"என்ன மேடம், மத்தியானம் சாப்பிட்டு வந்ததுலேருந்து அஞ்சு பேப்பர்தான் ஆயிருக்கு, உடம்பு கிடம்பு சரியில்லையா?" பக்கத்து மேசை சகாயமேரி டம்ளரை நீட்டினாள். தேநீர் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. சகாயமேரி வேறு கல்லூரி, வருடத்துக்கு இரண்டு தடவை இந்த முகாமில்தான் பார்த்துக்கொள்வார்கள், அதனாலேயே எதையும் சொல்லலாம் போல ஒரு நெருக்கம்.

"ஆணி மட்டும்தான் இருக்கு" என்றாள் வெற்றிச்செல்வி.

"என்ன ஆணி?"

"ஒண்ணுமில்ல மேரி. உங்க சார் உங்களை விட்டுட்டு எத்தனை நாள் இருப்பாரு?"

சகாயமேரி பிஸ்கட்டை நனைத்தபடி யோசித்தாள். "எங்க வீட்டுக்காரரா? நான் இந்த முகாமுக்கு வந்தாலே மூணாம் நாள் கரப்பான்பூச்சி மருந்து எங்கன்னு போன் வரும். கரப்பான்பூச்சியே இருக்காது. சும்மா கேக்குறது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தவள், இவள் முகத்தைப் பார்த்து, "ஏன் மேடம், எங்கயாவது போறீங்களா?" என்றாள்.

"தெரியலை."

"போறதுன்னா சொல்லிட்டுப் போங்க, அவ்வளவுதான்" என்றாள் சகாயமேரி. பிஸ்கட் நனைந்து டம்ளருக்குள் விழுந்துவிட்டது. முகாம் அலுவலர் தூரத்திலிருந்து, நாலு மணிக்குக் கட்டு ஒப்படைக்கணும் என்று பொதுவாகக் காற்றில் அறிவித்தார்.

ஜெர்மனி. ஜெர்மனியை எழுதினவர்கள் குறைவு, எழுதினவர்களும் மனப்பாடம். ஓர் உரிமையைக் கட்டுப்படுத்தினால் நான்கு கேள்வி கேட்பார்கள்: நோக்கம் நியாயமா, அந்த வழியால் நோக்கம் நிறைவேறுமா, அதைவிட வலிக்காத வழி இருக்கிறதா, கிடைப்பதும் இழப்பதும் தராசில் எப்படி நிற்கின்றன. நிற்க வைத்துப் பார்த்தாள். நோக்கம் நியாயம், ஒரு செங்கல். வழி சரி, விமானம். வலிக்காத வழி, அவனையும் கூட்டிக்கொண்டு போவது. நாற்பது கட்சிக்காரர்களையும், மாதம் இரண்டு தடவை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டிய எண்பத்தாறு வயது அம்மாவையும் விட்டுவிட்டு அவன் வர மாட்டான், வந்தால் அவன் நாவரசே இல்லை. அப்புறம் தராசு. ஒரு தட்டில் பத்து மாதம். இன்னொரு தட்டில் என்ன வைப்பது? காலையில் அவன் போடுகிற காபி, இரண்டு டம்ளரில்தான் ஆற்றத் தெரியும், ஒரு டம்ளருக்கு அளவு தெரியாது. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஒரே நிறம், அவள்தான் வாரத்துக்கு எடுத்து டப்பாவில் பிரித்து வைப்பாள். சட்டைப் பொத்தான் விட்டால் ஊசியில் நூலை அவன் கோத்துவிடுவான், அவளுக்குக் கண் பத்தாது, தைப்பது அவள், ஒருத்தர் இல்லாவிட்டால் பொத்தான் இல்லை. அவள் கூடத்தில் விடைத்தாள் திருத்தினால் அவன் அறைக்குள்ளிருந்து காரணமில்லாமல் செல்வி என்பான், என்ன என்பாள், ஒண்ணுமில்ல என்பான். இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்கிறான். அம்பத்தஞ்சு வயதில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்கிறான். பத்து மாதம் கூப்பிட்டுப் பார்ப்பான், பதில் வராது. மேசை மேல் ஒரு சொட்டு விழுந்தது, வியர்வைதான், மின்விசிறி இந்த மூலைக்கு எட்டாது.

ஏன் எடுத்தான் பிரேமை? கிழித்திருப்பானோ? கிழிக்கிறவன் இல்லை, பழைய பஸ் டிக்கெட்டையே புத்தகத்தில் வைத்திருப்பவன். அவள் தலை நிமிர்கிற இடத்தில் அது தொங்கினால் அவளுக்குச் சங்கடம் என்று கழற்றி அலமாரியில் வைத்திருப்பான், அப்படித்தான் இருக்கும், அதுதான் இன்னும் மோசம். நீ போகலாம், அந்தக் காகிதம் இல்லை என்று நினைத்துக்கொள் என்று சுவரைத் துடைத்து வைத்திருக்கிறான். இல்லை என்று எப்படி நினைப்பது? நம் உச்ச நீதிமன்றம் பதிமூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, ஏழுக்கு ஆறு என்று மயிரிழையில் சொன்னது, எதை வேண்டுமானாலும் திருத்திக்கொள், அடிப்படைக் கட்டமைப்பில் மட்டும் கை வைக்காதே என்று. அவர்கள் கல்யாணத்தின் அடிப்படைக் கட்டமைப்பு எது? நகை இல்லை, சமையல் இல்லை, அதெல்லாம் ஜன்னல் கதவு. நான்காவது ஷரத்துதான் தூண் என்று தோன்றியது. தூணை எடுத்துவிட்டுப் பத்து மாதம் கழித்து வந்து திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்று எந்தக் கொத்தனார் சொல்வார்? இதில் பெரிய கூத்து ஒன்று உண்டு. இரண்டு பேரும் சட்டம் படித்தவர்கள், அவன் வகுப்பில் முதல், அவள் இரண்டாவது, ஏழு ஷரத்து எழுதி முன்னுரை எழுதி சாட்சிக் கையெழுத்தும் வாங்கினார்கள். திருத்துவது எப்படி என்று ஒரு வரி எழுத மறந்துபோனார்கள். உலகத்தில் எந்த நாட்டுக்காரனும் பண்ணாத தப்பு. முதல் வருடமே கண்டுபிடித்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள், திருத்தவே முடியாதுடி, மாட்டிக்கிட்டே என்றான். சாட்சிகள் மூன்று பேர், தலைமை தாங்கிய புலவர் போய்விட்டார், கூடப் படித்த மாசிலாமணி கொரோனாவில் போய்விட்டான், மூன்றாவது ஆளுக்குக் கடைசி நேரத்தில் யாரும் அகப்படாமல் மைக்செட் போட வந்த சவரிமுத்துவைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். அவர் இருக்கிறாரோ என்னவோ.

கடைசித் தாளை எடுத்தபோது மணி மூன்றே முக்கால். கோணல் கையெழுத்து, மை சிந்தியிருக்கிறது, நாடுகளின் பெயரில்கூடப் பிழை. எந்த ஊர்ப் பிள்ளையோ, பெயர் தெரியாது, பெயருக்குப் பதில் போட்ட போலி எண் மட்டும்தான் இருக்கும். நாலு பக்கம் என்னென்னவோ உளறிவிட்டுக் கடைசியில் மூன்று வரி: சில நீதிமன்றங்கள் எழுத்தை வாசிக்கின்றன. சில எழுதியவரை வாசிக்கின்றன. தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று கேட்டுவிட்டு வந்து, இனி இதோடு வாழப்போகிறவர்களை வாசிக்கிறது. வெற்றிச்செல்வி அதை மூன்று தடவை படித்தாள். தூக்குத் தண்டனை கூடாது என்று அந்த நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, அமெரிக்கா என்ன சொன்னது, ஜெர்மனி என்ன சொன்னது, இந்தியா என்ன சொன்னது என்று வீடு வீடாகக் கதவு தட்டிக் கேட்டு எழுதிய தீர்ப்பு, அது வந்ததும் தொண்ணூற்றைந்தில்தான், அவர்கள் கல்யாண வருடம். இருபத்தேழு வருடம் பாடம் நடத்தி அவள் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. பன்னிரண்டு போட்டாள். பிறகு அடித்துப் பதிமூன்று போட்டு, அடித்த இடத்தில் விதிப்படி சுருக்கொப்பம் வைத்தாள். இதோடு வாழப்போகிறவர்களை. அவள் நாலு நாளாக எல்லா நாட்டையும் கேட்டாயிற்று, கேட்க வேண்டிய ஒரே ஆளைக் கேட்கவில்லை. உனக்கு எப்படிடா இருக்கு என்று ஒரு வார்த்தை. நீயே முடிவு பண்ணு என்று அவன் சொன்னான், சரி என்று இவளும் விட்டுவிட்டாள், என்ன பேராசிரியை. வேண்டாம். வெண்டைக்காயே பதில் சொல்லிவிட்டது, செங்கல் எங்கேயும் போகாது. வரவில்லை என்று எழுதிவிடலாம். கட்டை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டு, வரிசையில் நின்று போனை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். போனில் அவனிடமிருந்து ஒன்பது தவறிய அழைப்புகள் இருந்தன.

வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஸ்கூட்டர் நின்றது, ஸ்கூட்டர் மேல் நாவரசு, சட்டை முதுகோடு ஒட்டி, மடியில் மஞ்சப்பை. அவனைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"காலையில போன் ஏன் எடுக்கலை?"

"வண்டியில இருந்தேன். அப்புறம் மைக்செட் கடையில ஒரே சத்தம், கேக்கலை. பாத்துட்டுக் கூப்புட்டா உன் போனைப் பூட்டிட்டாங்க."

"எந்த மைக்செட்?"

"நம்ம கல்யாண மைக்செட். சவரிமுத்து. லால்குடியில அதே கடை, ஆளும் நல்லாதான் இருக்காரு, காதுதான் கொஞ்சம் மந்தம்." பையிலிருந்து பிரேமை எடுத்தான். கண்ணாடி இல்லை, பின் அட்டையைக் கழற்றியிருந்தான். காகிதம் இருந்தது, கிழியாமல், மஞ்சளாக. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"திருத்தம் கொண்டாரலாம்னு போனேன் செல்வி. திருத்துற வழிதான் நாம எழுதலையே. சாட்சி சம்மதிச்சா திருத்தலாம்னு நானே ஒண்ணு வச்சுக்கிட்டேன். எந்த நாட்டு முறைன்னு கேக்காத. லால்குடி முறை."

"நான் போகலை நாவரசு. வேணாம்னு எழுதப்போறேன்."

"இரு, முழுசாக் கேளு. எந்த ஷரத்துன்னு கேட்டாரு. நாலாவதுன்னேன். ஓ, அந்தப் பொண்ணு சண்ட போட்டு எழுதுச்சே, அதானேன்னாரு."

"எந்தப் பொண்ணு?"

"நீதான்."

"அது நீ சொன்னது. நான் எழுதுனேன், அவ்வளவுதான்."

"நானும் முப்பது வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். மைக் ஆன்ல இருந்துச்சாம் செல்வி. மேசை மேல. நாம பேசுனது அம்புட்டும் மண்டபத்துக்கு வெளியில கேட்டுச்சாம், அதனாலதான் மனுஷன் மறக்கலை. ஆறு ஷரத்துதான் நான் சொன்னேனாம். நாலாவதா நீ ஒண்ணு எழுத ஆரம்பிச்சதும் நான் பேனாவைப் புடுங்குனேனாம். வேணாம் செல்வி, இது உன்னைக் கட்டிப்போட்டுரும், நாளைக்கு நீ ஏதாச்சும் பெரிய எடத்துக்குப் போகணும்னா என்ன பண்ணுவேன்னு. நீ விடலையாம். உன்னை இனிமே யாரும் கதவுக்குப் பின்னாடி நிக்க வைக்கக் கூடாதுன்னு சொல்லி அழுதியாம். அதுக்குள்ள மைக்கு கீன்னு கத்திருச்சாம், அவரு ஓடி வந்து ஆஃப் பண்ணுனாராம்."

அந்தச் சத்தம். விரலில் பேனா வலிக்கிறது, புதுச் சுண்ணாம்பு வாசனை, இருபத்தைந்து வயது நாவரசு திடுக்கிட்டுத் திரும்புகிறான், அவன் கை அவள் பேனாவின் மேல் இருக்கிறது. அவன் கைதான். மீதி ஞாபகமும் வந்துவிட்டது, அது இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. வெற்றிச்செல்வி ஸ்கூட்டரின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பாவை நெனச்சு நான் வச்ச ஷரத்துன்னு இருந்தேன்" என்றான் நாவரசு. "நீ எனக்குக் குடுத்ததாம். எனக்குக் குடுத்ததை நான் விட்டுக்குடுக்கலாம்ல?"

"நம்ம நாட்டுல முடியாது. அடிப்படை உரிமையை விட்டுக்கொடுக்க முடியாதுன்னு தீர்ப்பு இருக்கு" என்றாள்.

"தெரியும்டி, நானும் அதே காலேஜுதான். அமெரிக்காவுல முடியும். இன்னைக்கு ஒருநாள் நான் அமெரிக்கா."

காகிதத்தை நீட்டினான். ஏழு ஷரத்துக்கும் கையெழுத்துகளுக்கும் கீழே மிச்சமிருந்த இடத்தில், பட்டாம்பூச்சி உட்காரக்கூட இடமில்லாத அவனுடைய நெருக்கல் எழுத்தில் எழுதியிருந்தது. நான்கு-அ. பத்து மாதம் போகிறவர் போய்வரலாம். அதுவரை வீட்டில் இருப்பவர் பயப்படலாம், பயத்தை மறைக்கக் கூடாது. அதன் கீழே நடுங்கிய எழுத்தில் சவரிமுத்து, இன்றைய தேதி. பக்கத்தில் அவன் கையெழுத்து. அவளுக்கு இடம் விட்டிருந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள். நாலு நாளாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"ரொம்ப" என்றான். "ஞாயித்துக்கெழமையிலேருந்து. சொன்னா நீ போகமாட்டேன்னுதான் பேசலை. போகலைன்னா அதைவிட பயமா இருக்கும் செல்வி, நான் உன்னை நிறுத்திட்டேன்னு ஆயிரும்."

அவள் பையைத் துழாவினாள். சிவப்புப் பேனாதான் அகப்பட்டது, மத்தியானம் முழுக்கக் கடித்த பேனா. காகிதத்தை ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, வீட்டில் இருப்பவர் என்ற இடத்தில் அம்புக்குறி போட்டு, மேலே பொடியாக, போகிறவரும் என்று சேர்த்தாள். சேர்த்த இடத்தில் சுருக்கொப்பம் வைத்தாள், கீழே முழுக் கையெழுத்துப் போட்டாள். நாவரசு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தச் சொல்லைப் படித்தான். கோர்ட்டில் காற்புள்ளிக்கெல்லாம் மல்லுக்கு நிற்கிறவன் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மணி நாலு ஐம்பத்திரண்டு. அவள் போனில் வருகிறேன் என்று எழுதி அனுப்பினாள், இரண்டு தடவை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. பிறகு பிரேமை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பாலம் ஏறும்போது அவன் முன்னாலிருந்து செல்வி என்றான். என்ன என்றாள். ஒண்ணுமில்ல என்றான். சுவரில் ஆணி அப்படியேதான் இருக்கிறது, போனதும் மாட்டிவிடலாம்.